கால் விறைக்குது

விநாயகமூர்த்தி எண்ட முழுப்பேரைச் சொல்லி நாங்கள் ஆரும் அவரைக் கூப்பிட்டதில்லை. மூர்த்தி அண்ணைதான். மல்வேர்னில நானும் இவரும் வாடகைக்கு எடுத்திருந்த ரவுண் ஹவுஸின்ர பேஸ்மென்ரில அந்தாள் ஆறு வருசத்துக்குக் கிட்ட இருந்தவர். கீழ ஒரு மனிசன் இருக்குதெண்டு தண்ணிப் பைப் திறக்கிற சத்தத்திலதான் தெரியும், அவ்வளவு அமைதி. நான் அதுக்கு நேர் எதிர். யோகமலரின்ர வாய் முதலில வரும், ஆள் பிறகுதான் வருவா எண்டு இவர் சொல்லுவார். இவரெண்டால் என்ர மனிசன் இராஜரட்ணம்.

ஊரில மூர்த்தி அண்ணை பஸ் கொண்டக்டர். காரைநகர் றூட். எண்பத்தொன்பதில இந்தக் குளிர் நாட்டுக்குத் தனிய வந்தவர். மனிசி அருள்நாயகியையும் மகள் துவாரகாவையும் விட்டிட்டு வரேக்கை பிள்ளைக்கு ஆறு வயசாம். பிறகு அவை ரெண்டு பேரும் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில ஒரு அறை எடுத்துக்கொண்டு, இண்டைக்குக் கூப்பிடுவார் நாளைக்குக் கூப்பிடுவார் எண்டு இருந்தவை. அந்தாளுக்கும் வேற நினைப்பில்லை. அவையைக் கூப்பிட வேணும். கூப்பிடுறதெண்டால் வேலையில இருக்க வேணும், அரசாங்கம் குடுக்கிற வெல்ஃபெயர் காசில விழுந்தால் எல்லாம் போச்சு எண்டு எல்லாரும் பயந்த காலம் அது. கால் கை ஓடுமட்டும் எனக்குப் பயமில்லைத் தங்கச்சி எண்டு என்னட்டை எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறார்.

கிடைச்ச வேலை என்னெண்டு கேட்டால் சிரிப்பு வரும். செம்மறிப் பண்ணை. ஸ்ரோவ்வில்லுக்கு அங்கால, கிளடிஸ் எண்டு அறுபது வயசு மதிக்கக்கூடிய ஒரு வெள்ளைக்கார மனிசி, புருசன் செத்தபிறகு தனிய நிண்டு நடத்தின பண்ணை. இவர் வேலை செய்த பிளாஸ்ரிக் ஃபக்டரியும் அந்தப் பக்கம்தான், காலமை போகேக்கை மூர்த்தி அண்ணையைப் பண்ணை வாசலில இறக்கிவிட்டுப் போவார். வாழ்க்கையில ஒரு ஆட்டுக்குக் குழை போட்டறியாத மனிசன். முதல் கிழமை செம்மறியளைக் கொட்டிலுக்குள்ள விடேக்கை, "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்கு இடம் கிடக்கு, வாசலில நிக்காதேங்கோ" எண்டு பஸ்ஸில சொல்லுறதையே சொல்லியிருக்கிறார். அதுகளும் போச்சுதுகளாம். கிளடிஸுக்கு ஒரு சொல்லும் விளங்காட்டியும், அதைப் பாடமாக்கி வைச்சிருந்து பிறகு தானும் ஆடுகளைப் பாத்து முன்னுக்குப் போ எண்டு சொல்லத் துவங்கிட்டா.

வேலை லேசில்லை. விடிஞ்சவுடனை தண்ணித் தொட்டியில ஐஸை உடைக்க வேணும். காஞ்ச புல்லுக் கட்டுகளைத் தூக்கிப் பிரிச்சுப் போட வேணும். புழுக்கை படிஞ்ச வைக்கோலை வழிச்சு எறிஞ்சுபோட்டுப் புதுசு பரவ வேணும். சினோ எண்ட வெண்பனிக்குள்ளால நடந்து வேலியைப் பாக்க வேணும். எல்லாம் நிண்டும் நடந்தும் செய்யிற வேலை. தொண்ணூற்றிமூண்டு கார்த்திகை கடைசியிலதான் அந்தாள் முதன்முதலாச் சொன்னது, கால் விறைக்குதெண்டு.

இந்த இடத்தில ஒண்டைச் சொல்லியே ஆக வேணும். எங்கட கதையில விறைப்பெண்டால் ரெண்டும்தான். குளிரில கை விறைக்கும். கனநேரம் காலை மடிச்சுக்கொண்டு இருந்தாலும் விறைக்கும். பல்லுப் புடுங்க முதல் விறைப்பூசி போடுவினம், பிறகு கன்னத்தைக் கிள்ளினாலும் தெரியாது, அதுவும் விறைப்புத்தான். ஊரில ஆராவது கால் விறைக்குதெண்டால் நரம்போ வாதமோ எண்டு எண்ணெய் போட்டுத் தேய்ப்பம், குளிரெண்ட நினைப்பே வராது. இந்த நாட்டுக்கு வந்து முதல் சினோவைக் கண்ட நாளோட அந்தச் சொல்லை முழுசாக் குளிருக்கே குடுத்திட்டம். மூர்த்தி அண்ணை விறைக்குதெண்டார். இஞ்ச ஆருக்குத்தான் விறைக்கேல்லை எண்டு எல்லாரும் சொன்னம்.

இவர்தான் ஒரு சனிக்கிழமை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவர். இவர் ஊரில அரசாங்கக் கச்சேரியில கிளாக்கர், இங்கிலிசெண்டால் நெஞ்சு நிமிர்ந்திடும். எங்கட ஆக்களுக்கு எங்க போனாலும் மொழிபெயர்க்கிறது இவர்தான். ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கமாட்டார், புகழ் மட்டும் கிடைச்சால் காணும். ரெண்டு பாதமும் விறைச்சுக் கிடக்கு, சிலநேரம் எறும்பு ஊர்ற மாதிரியும் இருக்கு எண்டு மூர்த்தி அண்ணை சொல்லியிருக்கிறார். இவர் அதை, இந்தாளுக்குக் குளிரில கால் உறையுதாம் எண்டு இங்கிலிசில சொல்லிப்போட்டார். டொக்டர் என்ன வேலை எண்டு கேட்டாராம். ஆட்டுப்பண்ணையில வெளிவேலை. பிறகென்ன, சொக்ஸைக் கழட்டிக்கூடப் பாக்கேல்லை. நல்ல சூடான பூட்ஸ் போடச் சொல்லி அனுப்பிப்போட்டார். ரெண்டு பேரும் பெரிய சந்தோசமா வீட்டை வந்திச்சினம்.

பூட்ஸைக் குடுத்தது கிளடிஸ். நத்தார்ப் பெருநாளுக்குப் பெட்டியில சுத்திக் குடுத்தவ. செம்மறித்தோலில செய்தது. வெளியால மண்ணிறத் தோல், உள்ளுக்கு அந்த ஆட்டின்ர கம்பளி அப்பிடியே கிடக்கும். அவவும் அதைத்தான் போடுறவ, அவவின்ர தாயும் அதைத்தான் போட்டவவாம். புல்லுப் போடுறதெண்டாலும் புழுக்கை அள்ளுறதெண்டாலும் அந்தக் குடும்பத்துக்குக் காலில அதுதான். சொக்ஸ் போடக்கூடாது, வெறுங்காலில கம்பளி முட்ட வேணும், அப்பதான் சூடு நிக்கும் எண்டு சொல்லிக் குடுத்திருக்கிறா.

மூர்த்தி அண்ணைக்கு முதல் அதைப் போட மனமில்லை. ஆட்டுக்கு முன்னால ஆட்டுத்தோலைப் போட்டுக்கொண்டு போய் நிக்கிறதோ எண்டு என்னட்டைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கறிக்கு ரெண்டாந்தரம் கோப்பையை நீட்டேக்கை இந்த வெக்கம் எங்க போனது எண்டு கேட்டன். தலையைக் குனிஞ்சுகொண்டு சிரிச்சார். அடுத்த நாள் போட்டுக்கொண்டு போனார். ஆடுகள் வந்து காலை மணந்து பாத்திட்டுத் தங்கட பாட்டில போயிட்டுதுகளாம். அதுக்குப் பிறகு தண்ணி வாளி தூக்கவும் அது, புல்லுப் போடவும் அது, வேலிக்கு நடக்கவும் அது. பின்னேரம் வந்து எங்கட பின்வாசலில கழட்டேக்கை தட்டித் துடைச்சு, உள்ளங்கையால தோலைத் தடவி, சுவரோட நிமித்தி வைப்பார். பிள்ளையைப் படுக்கப் போடுற மாதிரி இருக்கும். இப்ப விறைப்பு எப்பிடியண்ணை எண்டு கேட்டால், குளிர் ஒண்டும் தெரியேல்லை எண்டுவார். எங்களுக்கும் சந்தோசத்தில புளுகம்.

இப்ப நினைச்சால் ஆத்திரம்தான் வருது. தண்ணி தண்ணியாக் குடிச்சார். மெலிஞ்சுகொண்டு போனார். வேலை கடுமை எண்டு நினைச்சம். பிளேன்ரீயை ஒரு கையிலயும் சீனியை மற்றக் கையிலயும் வைச்சு, கடிச்சுக் கடிச்சுக் குடிக்கிற பழக்கம் அவருக்கு, ஒரு நாளைக்கு எத்தினை தரமெண்டில்லை. சலரோகம், அதுதான் சீனி வருத்தம், எண்டால் எங்களுக்கு வண்டியும் தொந்தியுமா இருக்கிற கடை முதலாளியளின்ர வருத்தம். தடி மாதிரி நிக்கிற ஒரு கொண்டக்டருக்கு உது வருமெண்டு ஆர் கண்டது?

பங்குனியில ஆடுகள் குட்டி போடத் துவங்கிச்சுது. தாயையும் குட்டியையும் புறம்பா விடக் கொட்டிலுக்குள்ள பலகை அடிச்சுச் சின்னச் சின்ன அறையாத் தடுத்தவை. அந்த நாளில மூர்த்தி அண்ணை சரியா நித்திரையும் கொள்ளேல்லை. வீட்டுக்குள்ள ஒரு மணம் வரத் துவங்கிச்சுது. புழுக்கையாக்கும் எண்டு நினைச்சு, பண்ணையைப் பண்ணையில விட்டிட்டு வாங்கோ, என்ர வீட்டைப் பட்டியாக்காதேங்கோ எண்டு படியில நிண்டு பேசினன். அந்தாள் பூட்ஸைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியில வைச்சார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனநேரம் அதைத் துடைச்சுக் காயவிடுவமெண்டு எடுத்தன். உள்ளுக்குக் கையை விட்டால் கம்பளி ஈரமாக் கட்டிபட்டுக் கிடந்துது. விரலில என்னவோ சுருக்கெண்டு குத்திச்சுது. வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தன். அடியால ஏறின ஒரு பலகை ஆணி, உள்ளுக்கு அரைவிரல் நீளத்துக்கு நிமிர்ந்து நிக்குது. சுத்திவரக் காஞ்ச ரத்தமும் சீழும். எனக்கு ஒரு பொட்டுப் பட்டதுக்கே உயிர் போய் வந்துது. அந்தாள் அதுக்கு மேல ஏறி நிண்டு நாள்க்கணக்கா ஆட்டுக்குப் பிரசவம் பாத்திருக்கிறார்.

கீழ ஓடிப்போய்க் காலைக் காட்டுங்கோ எண்டன். குளிச்சிட்டுக் கட்டின சாரத்தோட கதிரையில இருந்து வலது காலைத் தூக்கினார். உள்ளங்கால் கறுத்து, பெருவிரல் ஊதிப்போய்க் கிடந்துது. ஐயோ, ஏன் அண்ணை சொல்லேல்லை எண்டு கத்தினன்.

"என்னத்தைத் தங்கச்சி சொல்லுறது? நோகேல்லையே" எண்டார்.

ஆசுப்பத்திரியில எங்கட நல்லகாலத்துக்குக் கிறிஸ்ரினா எண்டு ஒரு தமிழ் நேர்ஸ் நிண்டா, மன்னார்ப் பிள்ளை. இவர் வழமைபோல இங்கிலிசில துவங்க, அவ கையைக் காட்டி நிப்பாட்டிப்போட்டு மூர்த்தி அண்ணையிட்டை நேராக் கேட்டா.

"விறைப்பெண்டால் என்ன விறைப்பு? குளிருற விறைப்போ, ஊசி போட்ட விறைப்போ?"

"ஊசி போட்ட விறைப்பு. நான் முதலே அதைத்தானே சொன்னனான்."

இவர் அப்பிடியே சுவரோட சாஞ்சிட்டார். ஆசுப்பத்திரி டொக்டர் வந்து, மூர்த்தி அண்ணையைக் கண்ணை மூடச் சொல்லிப்போட்டு, ஒரு சின்ன ஊசியால ரெண்டு பாதத்திலயும் அங்கயும் இங்கயும் குத்தினார். குத்தினால் சொல்லுங்கோ எண்டு கிறிஸ்ரினா சொல்லியிருந்தா. அந்தாள் கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தார். டொக்டர் குத்திக்கொண்டே இருக்கிறார். கொஞ்சநேரம் காத்திருந்திட்டு மூர்த்தி அண்ணை கேட்டார், எப்ப குத்தப் போறியள் எண்டு. நான் வெளியில வந்து நிண்டு அழுதன்.

சீனி எக்கச்சக்கமா ஏறிக் கிடந்ததாம். எலும்புக்குள்ள நஞ்சு இறங்கிட்டுது. வலது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்தவை. இடது காலிலயும் கணுக்கால் வரைக்கும் உணர்ச்சி இல்லை, அது இனித் திரும்பி வராது, ஒவ்வொரு நாளும் கண்ணால பாத்துத்தான் அந்தக் காலைக் காப்பாத்த வேணும் எண்டு சொல்லி விட்டவை. தன்ர உள்ளங்காலை அவருக்குக் குனிஞ்சு பாக்க ஏலாது. அதனால பின்னேரத்தில அவரின்ர இடது பாதத்தைப் பாக்கிறது என்ர வேலையாப் போச்சு. விரல் இடுக்கை விரிச்சுப் பாக்கேக்கை கூசுதோ அண்ணை எண்டு வாய் தவறிக் கேட்டிடுவன். இல்லையெண்டு தலையை ஆட்டுவார்.

அந்த முதல் டொக்டரில எனக்கு வந்த கோவம் இண்டைக்கும் ஆறேல்லை. ஒரு சொல்லைக் கேட்டே வைத்தியம் பாக்கிறதெண்டால் கண் எதுக்கு, கை எதுக்கு? இவரில கோவிக்க எனக்கு மனம் வரேல்லை. மூர்த்தி அண்ணையும் ஒரு சொல் சொல்லேல்லை. ஆனால் இவர் அதுக்குப் பிறகு ஆருக்கும் மொழிபெயர்க்கப் போனதில்லை. வந்து கேக்கிற ஆக்களிட்டை, எனக்கு இங்கிலிஸ் அவ்வளவு தெரியாது எண்டு வாசலில நிண்டு சொல்லுவார்.

கிளடிஸ் ஆசுப்பத்திரிக்கு வந்தவ. கட்டிலில போர்வை ஒரு பக்கம் தட்டையாக் கிடந்ததைப் பாத்தவுடனை நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டா. தான் குடுத்த பூட்ஸ்தானே, சொக்ஸ் போடாதை எண்டு சொன்னதும் தான்தானே எண்டு அழுதா. மூர்த்தி அண்ணை அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, தனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில கேட்டது ஒண்டே ஒண்டுதான். என்ர வேலை இருக்கோ எண்டு. இருக்கெண்டு சொன்னா. சொன்னபடியும் செய்தா. தாய் கைவிட்ட குட்டியளுக்குப் போத்தலில பால் பருக்கிறது, இருந்துகொண்டு செய்யிற வேலை. தன்ர குசினிக்குள்ளயே கதிரையைப் போட்டுக் குடுத்தா. அந்த மனிசி மட்டும் இல்லாட்டில் குடும்பத்தைக் கூப்பிடுற அந்தாளின்ர எண்ணம் அண்டையோட முடிஞ்சிருக்கும்.

ஆனால் வீட்டுக்குச் சொல்லமாட்டன் எண்டு நிண்டார். அருள்நாயகி ஞாயிற்றுக்கிழமைகளில வெள்ளவத்தையில ஒரு ரெலிஃபோன் கடையில வந்து நிப்பா, மூர்த்தி அண்ணை இங்கயிருந்து எடுப்பார். காலை எடுத்தபிறகு முதல் ஞாயிறு நான்தான் நம்பரை அடிச்சுக் கையில குடுத்தன். அங்கால அவ என்னவோ கேட்டா.

"கால் விறைப்போ? இப்ப விறைப்பில்லை. நிண்டிட்டுது" எண்டார் மூர்த்தி அண்ணை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. ஃபோனை வைச்சவுடனை ஏசினன். கட்டின மனிசிக்கு மறைக்கிறதோ, நாளைக்கு வந்து பாக்கேக்கை எந்த முகத்தோட நிப்பியள், நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன் எண்டு கத்தினன். அந்தாள் என்னை முடிக்க விட்டார்.

"அவை அங்க ஒரு அறைக்குள்ள இருந்துகொண்டு இதை என்ன தங்கச்சி செய்யிறது? அழத்தானே ஏலும். இஞ்ச வந்து அழட்டும். அழேக்கை நான் பக்கத்தில நிப்பன்."

அண்டையிலயிருந்து ஒரு வருசத்துக்கு மேல நானும் அந்தப் பொய்க்கு உடந்தை. அவர் பொய்க்காலைப் போட்டுப் பழகினார். பேஸ்மென்ற் படியில ஏறி ஏறி இறங்குவார், எத்தினை நாள் விழுந்தவர். விழுந்த சத்தம் கேட்டாலும் என்னைக் கதவைத் திறக்க விடமாட்டார். தானே எழும்பிச் சாரத்தைத் தட்டிப்போட்டுத் திரும்ப ஏறுவார். அவை வரேக்கை நிண்டுகொண்டு வரவேற்க வேணும். அந்தாளுக்கு அது ஒண்டுதான் மிஞ்சி இருந்த ஆசை.

தொண்ணூற்றைஞ்சு ஆவணியில அவை வந்திச்சினம். எயர்போட்டுக்கு வீல்செயரும் வேண்டாம், தடியும் வேண்டாம் எண்டு ஒரே பிடி. நீலக் காற்சட்டை, புதுச் சப்பாத்து, நெத்தியில திருநீறு. இவர் ஒரு பக்கம், நான் மற்றப் பக்கம். சரிஞ்சால் பிடிக்க எண்டுதான் நிண்டம். இப்பவாவது வெளியில வந்தவுடனை சொல்லிப்போடுங்கோ அண்ணை எண்டு கெஞ்சினன். வீட்டை போய்ச் சொல்லுறன், முதல் நான் நிக்கிறதைப் பாக்கட்டும் எண்டார்.

கதவு திறந்து திறந்து மூடிச்சுது. ஆரார் எல்லாமோ வந்திச்சினம். பிறகு ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு ஒரு மெலிஞ்ச மனிசியும், அவவைவிட உயரமா ஒரு பெட்டைப்பிள்ளையும் வந்தவை. மூர்த்தி அண்ணை மனிசியைக் கண்டுபிடிச்சிட்டார். பிள்ளையைப் பாத்து, உது ஆர் எண்டு என்னட்டைக் கேட்டார். உங்கட மகளண்ணை எண்டன்.

அப்பாவைக் கண்டவுடனை காலில விழுந்து கும்பிட வேணும் எண்டு தாய் பிளேனுக்குள்ள வைச்சே சொல்லிக்கொண்டு வந்தவவாம். பிள்ளை நேரா வந்தாள். நாங்கள் விளங்கித் தடுக்க முதல் அவ்வளவு சனத்துக்கு நடுவில விழுந்து, ரெண்டு கையாலயும் வலது காலைப் பிடிச்சாள். சப்பாத்துக்கு மேல, காற்சட்டையோட சேத்துப் பிடிச்சாள். பிடிச்ச கை அப்பிடியே நிண்டிட்டுது. எழும்பேல்லை. தலையை மட்டும் தூக்கி மேல பாத்தாள்.

"உது என்ர கால் இல்லைப் பிள்ளை" எண்டார் மூர்த்தி அண்ணை. "மற்றதைத் தொடம்மா."

அருள்நாயகி ட்ரொலியை விட்டிட்டா. அது தன்பாட்டில உருண்டு போச்சுது, இவர் ஓடிப்போய்ப் பிடிச்சார். அவ வந்து புருசனுக்கு முன்னால நிண்டு அந்தக் காலைப் பாத்தா, முகத்தைப் பாத்தா. எப்ப எண்டு மட்டும் கேட்டா. போன வருசம் பங்குனி எண்டார். சுகமெண்டெல்லோ சொன்னனீங்கள் எண்டு சொல்லிக்கொண்டு அவரின்ர சேட்டுத்துணியைப் பிடிச்சு அழத் துவங்கினா. அந்தாள் ஒரு கையால அவவின்ர தலையைப் பிடிச்சுக்கொண்டு, ஆடாமல் நிண்டார்.

பிள்ளை இன்னும் நிலத்தில இருந்தாள். மெல்ல இடது பக்கம் அரக்கி, அந்தச் சப்பாத்தின்ர நூலை அவிட்டுக் கழட்டி, சொக்ஸையும் இழுத்துக் கழட்டினாள். ஆக்கள் எங்களைச் சுத்திப் போய்க்கொண்டு இருந்தவை. வெறும் பாதத்தை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுப் பாத்தாள்.

"இது உங்கட கால்தானே அப்பா? நான் பிடிக்கிறது தெரியுதோ?"

"ஓம் பிள்ளை, தெரியுது."

நான் நாளாந்தம் பாக்கிற கால் அது. கழட்டின சொக்ஸை நான் குனிஞ்சு எடுத்து வைச்சுக்கொண்டன். பிள்ளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சாள்.